அந்த ஜெர்சியை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் ரெட் சாக்ஸ் அணி தன் நட்சத்திர வீரர் ரஃபேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு டிரேட் செய்ததிலிருந்து, அதாவது வேறு வீரர்களுக்கு மாற்றாகக் கொடுத்ததிலிருந்து, என் மகன் பேஸ்பால் பக்கமே திரும்புவதில்லை. டெவர்ஸின் 11-ஆம் எண் ஜெர்சி அலமாரியின் அடியில் கிடக்கிறது. "இதெல்லாம் வியாபாரம்டா" என்றேன், கோபம் இன்னும் கூடிவிட்டது. எப்படித் தேற்றுவது?
- ஒரு வாசகி, பாஸ்டன்

பதில்: முதலில் அந்த "வியாபாரம்" பேச்சை விடுங்கள். அது உங்கள் மகனுக்கும் தெரியும், அவன் கோபமே அதில்தான். 2023 ஜனவரியில் டெவர்ஸோடு 10 ஆண்டுகளுக்கு 31 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். இனி இவர் நம்ம ஆள் என்று எந்தப் பையனும் நம்பத்தானே செய்வான்? 2025 ஜூன் 15 அன்று பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணியைத் தொடரின் மூன்றாவது ஆட்டத்திலும் ரெட் சாக்ஸ் தோற்கடித்தார்கள், சில மணி நேரத்தில் டெவர்ஸ் அணியில் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க விடவில்லை. முதல் பேஸில் நின்று ஃபீல்டிங் செய்ய மறுத்தார், நிர்வாகத்தோடு மனக்கசப்பு என்றெல்லாம் காரணங்கள் உண்டு. இருக்கட்டும், அவை பெரியவர்களின் கணக்கு.

நான் நியூயார்க் மெட்ஸ் அணியின் ரசிகன். எங்களுக்கும் ஜூன் 15 ஆகாத தேதி. 1977-ல் அதே நாளில்தான் டாம் சீவரை சின்சினாட்டி அணிக்கு அனுப்பினார்கள். 1969-ல் உலகத் தொடரை வென்ற அணியின் முதன்மை பிட்சர் (பந்து வீசுபவர்) அவர். மெட்ஸில் இருந்தவரை அவருக்கு ஒரு நோ-ஹிட்டர், அதாவது எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்க விடாமல் வீசும் ஆட்டம், அமையவில்லை, மறு வருஷமே சின்சினாட்டிக்காக வீசிவிட்டார்! மெட்ஸ் பிட்சர் ஒருவர் நோ-ஹிட்டர் வீச 2012 வரை காத்திருந்தோம். சீவருக்குப் பதிலாக வந்த நால்வரையும் பெயர் சொல்லித் திட்டும் பெரியவர்களை நான் அறிவேன். பாவம், அந்த நால்வர் என்ன செய்வார்கள்.

அதனால் தேற்ற வேண்டாம், கொஞ்ச நாள் கோபமாக இருக்கட்டும். கலிஃபோர்னியாவில் நடக்கும் ராத்திரி ஆட்டம் உங்களுக்கு 10 மணி வாக்கில்தான் தொடங்கும். பள்ளி இல்லாத நாளில் ஜயன்ட்ஸ் ஆட்டம் ஒன்றைப் பார்க்க விடுங்கள். ஊருக்கு ஒரு அணி, மனசுக்கு ஒரு வீரர் என்று வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

கேள்வி: போக மாட்டேன் என்று வீரர் சொல்ல முடியாதா?

பதில்: பெரும்பாலும் முடியாது. பெரிய லீகில் 10 வருஷம் ஆடி, அதில் கடைசி 5 வருஷம் ஒரே அணியில் இருந்தால் மறுக்கலாம். சிலர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2015 ஜூலையில் மெட்ஸின் வில்மர் ஃப்ளோரஸ், தன்னை விற்றுவிட்டார்கள் என்ற சேதி பரவியபோது மைதானத்தில் நின்றபடியே அழுதார். 16 வயதில் இந்த அணிக்கு வந்தவர். கடைசியில் டிரேட் நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து 12-வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஜெயிக்க வைத்தார், ஜெர்சியில் இருந்த மெட்ஸ் எழுத்துகளைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொண்டே ஓடி வந்தார். வீரர்களுக்கு ஒட்டுதல் இல்லை என்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: போனவர் எதிரணியில் வந்து ஆடினால் கைதட்டலாமா?

பதில்: தாராளமாக. ரெட் சாக்ஸிலிருந்து டிரேட் ஆன மூக்கி பெட்ஸ், 2023-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் சட்டையில் ரெட் சாக்ஸின் ஃபென்வே பார்க் மைதானத்துக்கு வந்தபோது பாஸ்டன்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முதல் தடவை பேட் பிடிக்க வரும்போது தட்டுங்கள். அப்புறம் ஸ்ட்ரைக் அவுட் ஆகணும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.