சீதனக் காணியும் கணவரின் கையெழுத்தும்

கேள்வி: என் கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியவில்லை. மகளின் படிப்புச் செலவுக்காக, அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த சாவகச்சேரிக் காணியில் ஒரு பகுதியை விற்க நினைக்கிறேன். நொத்தாரிசு, "கணவரின் கையெழுத்து இல்லாமல் உறுதி எழுத முடியாது, மரணச் சான்றிதழாவது எடுத்து வாருங்கள்" என்கிறார். அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் காணியை நானே விற்க வழி இல்லையா? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: வழி இருக்கிறது சகோதரி. மரணச் சான்றிதழ் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

நொத்தாரிசு சொன்னதில் பாதி சரி. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, தேசவழமைக்கு, அதாவது வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டத்துக்கு, உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகை, பணம் போன்ற அசையும் சொத்துக்கு அது தேவையில்லை, உயில் எழுதவும் தேவையில்லை. ஆனால் கணவர் தன் காணியை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதில்லை. நூறு வருசத்துக்கு மேலாக இது இப்படியே கிடக்கிறது. வடக்கில் எத்தனை பெண்கள் தனியாக நின்று வீடு நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகும் இதை மாற்றாமல் இருப்பது பெரிய அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நொத்தாரிசு சொல்லாமல் விட்டது அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு. கணவர் மனைவியைக் கைவிட்டிருந்தால், இருவரும் இணங்கிப் பிரிந்து வாழ்ந்தால், அவர் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட சிறைத் தண்டனையில் இருந்தால், மனநிலை சரியில்லாதவராக இருந்தால், அவருடைய இருப்பிடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால், அல்லது மனைவி பிள்ளைகளின் நன்மைக்கு அது தேவைப்பட்டால், மாவட்ட நீதிமன்றமே அந்தச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற அனுமதி கொடுக்கலாம். "இருப்பிடம் தெரியாவிட்டால்" என்ற அந்த ஒரு வரி உங்களுக்குப் போதும். அதோடு மகளின் படிப்பையும் காரணமாகச் சொல்லலாம்.

நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலோ காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். இது சுருக்க நடைமுறையில் போவது. பங்கு பிரிக்கும் வழக்கு மாதிரி வருசக்கணக்காக இழுபடுவதற்காக வைக்கப்பட்டது அல்ல. சீதன உறுதி, விவாகப் பதிவுச் சான்றிதழ், கணவரைத் தேடிக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், கிராம அலுவலரின் கடிதம், மகளின் படிப்புச் செலவுக்கான பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகச் சேர்த்து வையுங்கள். மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம், அது நீதிமன்றத்தில் நல்ல சான்றாக இருக்கும். அதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

மாவட்ட நீதிமன்றம் மறுத்தால் அத்தோடு முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மாகாணத்தின் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கு நாள் கணக்கு உண்டு, சட்டத்தரணியிடம் உடனே கேளுங்கள். இன்னொன்று: அனுமதி கிடைக்கும் முன்பே முற்பணம் வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட யாராவது சொன்னால் போடவே வேண்டாம்.

கேள்வி: அப்பா யாழ்ப்பாணம், அம்மா மட்டக்களப்பு. அப்பா வேலைக்காகத் திருகோணமலை வந்து இங்கேயே வீடு வாங்கி, உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மாவுக்கு என்ன பங்கு? (வாசகர், திருகோணமலை)

பதில்: முதலில் அப்பாவுக்கு எந்தச் சட்டம் என்று பார்க்க வேண்டும். தேசவழமை எல்லாத் தமிழருக்கும் உரிய சட்டம் அல்ல, வட மாகாணத்தில் நிரந்தர வதிவிடம் உள்ள தமிழருக்கு உரியது. இதை 1913இலேயே ஸ்பென்சர் – இராஜரத்தினம் வழக்கில் நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. திருமணத்தால் மனைவி கணவரின் சட்டத்துக்குள் வருவதால், அம்மா மட்டக்களப்பு என்பது இங்கே கணக்கில் வராது.

அப்பா ஊர்த் தொடர்பை விடாமல், ஓய்வு பெற்றதும் திரும்பிப் போகும் எண்ணத்தோடு இருந்தார் என்றால் தேசவழமைதான். திருமணத்துக்குப் பின் சம்பளத்தில் வாங்கிய வீடு தேடியதேட்டம், அதாவது திருமண வாழ்க்கையில் தேடிய சொத்து. முன்பு சொன்ன 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வந்த 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதி அம்மாவுக்கு, பாதி பிள்ளைகளுக்கு. ஆனால் தாத்தா வழி வந்த முதுசக் காணி (பரம்பரைக் காணி) முழுவதும் பிள்ளைகளுக்குப் போகும், அம்மாவுக்குப் பங்கு இல்லை. மாறாக அவர் திருகோணமலையையே நிரந்தர ஊராக்கிக்கொண்டார் என்றால், 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டப்படி முதுசம், தேட்டம் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றிலும் பாதி அம்மாவுக்கு.

ஆகவே வாக்காளர் பதிவு, அவர் எழுதிய கடிதங்கள், ஊர் வீட்டை எப்படி வைத்திருந்தார் என்பதெல்லாம் முக்கியம். எந்தச் சட்டம் என்று தீர்ந்தாலும், முதுசக் காணியில் அம்மா இருக்கும் வீடு இருந்தால் அவர் காலம் வரை அங்கே இருக்கலாம் என்று பிள்ளைகள் நீங்கள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சித்தப்பா குடும்பக் காணியில் தன் பங்கை எங்களிடம் சொல்லாமல் வெளியாளுக்கு விற்றுவிட்டார். கேட்க முடியுமா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: முடியும். 1947ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டப்படி பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுத்த பிறகே வெளியாளுக்கு விற்க வேண்டும். காணிப் பதிவகத்தில் உறுதி பதிவான திகதியைப் பார்த்துக்கொண்டு இந்த வாரமே சட்டத்தரணியிடம் போங்கள், இதற்கும் காலக்கெடு உண்டு. அதே விலையைக் கொடுத்து வாங்கக் கையில் பணமும் இருக்க வேண்டும்.