பதில்: நியூஃபவுண்ட்லாந்துக்கு செவ்வணில் எப்படி போச்சு?

கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து தீவுல அமெரிக்க செவ்வணில் முன்னாடியே இருந்ததா இல்ல கடலை நீந்தி வந்ததான்னு கேட்டிருந்தீங்க, ரெண்டுமே இல்லீங்க, 1963 வாக்குல மனுஷங்கதான் கொண்டுபோய் விட்டாங்க. ஊசியிலைக் காடு, திங்க ஸ்புரூஸ்ங்கிற ஊசியிலை மரத்தோட விதைக் கூம்பு, வேறென்ன வேணும், தீவு பூரா பரவிடுச்சு. பாவம் அங்கேயே இருந்த கிராஸ்பில் குருவிதான், அதுவும் அதே கூம்பு விதையை நம்பித்தான் இருந்துச்சு, இந்த அணில் என்னடான்னா கூம்பு விரியறதுக்கு முன்னாடியே அறுத்து குவிச்சு வச்சுக்கும்.

அமெரிக்காவோட இண்டியானா மாநிலத்துக்கு செவ்வணில் எப்படி பரவுச்சுன்னும் சேர்த்துக் கேட்டிருந்தீங்க, அந்தக் கதை வேற. அங்க விவசாயத்துக்காக காட்டைத் துண்டு துண்டா ஆக்கினதுல சாம்பல் அணில் குறைஞ்சுது, செவ்வணில் தானாவே தெற்கே நகர்ந்துச்சு. ஒண்ணு மனுஷங்க கொண்டுபோய் விட்டது, இன்னொண்ணு தானா பரவினது, அதனால செவ்வணில் பரவின மேப்ல ரெண்டு இடத்துக்கும் ஒரே கலர் போட்டிருந்தா மாத்திடுங்க.