வெள்ளத்தில் நின்ற லொறிக்கு கிளைம் இல்லையாம்: என்ன செய்யலாம்?

விசுவமடுவிலிருந்து ஒரு லொறிச் சொந்தக்காரர் எழுதியிருக்கிறார். மார்கழி மழைக்குள் பரந்தனில் பலசரக்கு ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போன வண்டி, முரசுமோட்டையில் வீதிக்கு மேலால் பாய்ந்த வெள்ளத்துக்குள் இறங்கி நடுவழியில் நின்றுவிட்டது. ஓடியவர் அவருடைய அக்காவின் மகன். நின்ற பிறகும் இரண்டு மூன்று தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறார், பிறகு ட்ரக்டர் கட்டி வெளியே இழுத்திருக்கிறார்கள். காப்புறுதிக் கம்பனி அனுப்பிய அசெசர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வந்து படம் எடுத்துவிட்டு "கழற்றிப் பாருங்கள்" என்று சொல்லிப் போக, கராஜில் கழற்றினால் ஒரு கொன்ரொட் (பிஸ்டனை இணைக்கும் தண்டு) வளைந்து இஞ்சின் பிளொக்கும் வெடித்திருக்கிறது. ஃபுல் இன்சூரன்ஸ்தான். ஆனால் கம்பனியின் கடிதம் "இது இயந்திரக் கோளாறு, அதோடு சாரதியின் கவனக்குறைவு, ஆகவே இழப்பீடு இல்லை" என்கிறது. இப்போது முகவர், நல்லெண்ண அடிப்படையில் ஒரு சிறு தொகை வாங்கித் தருகிறேன், ஒரு பேப்பரில் கையெழுத்து மட்டும் வையுங்கள் என்கிறாராம். வண்டி லீசிங்கில் இருக்கிறது, தவணையை என்ன செய்வது என்றும் கேட்கிறார்.

முதலில், அந்தப் பேப்பரில் கையெழுத்து வைக்காதீர்கள். அநேகமாக அதில் "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பிறகு எந்த வாசலில் போய் நின்றாலும் அதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது, விளங்கவில்லை, முகவர் காட்டிய இடத்தில் வைத்தேன் என்று பிறகு சொல்லி வெளியே வருவது மிகவும் கடினம். தொகையை வாங்கத்தான் வேண்டுமென்றால், மிகுதியைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்குங்கள். அதற்கு அவர்கள் சம்மதித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். இயந்திரக் கோளாறுக்குக் காப்புறுதி இல்லை என்ற நிபந்தனை ஏறக்குறைய எல்லா வாகனப் பொலிசியிலும் இருக்கிறது. அது எதற்கென்றால், தேய்ந்துபோன பெயரிங், ஒயில் மாற்றாமல் பிடித்த பிஸ்டன் போன்ற, வண்டி தன்பாட்டில் பழுதாகும் விஷயங்களுக்கு. உங்கள் இஞ்சின் தன்பாட்டில் பழுதாகவில்லை. டீசல் இஞ்சின் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கி ஓடுவது, அந்த இடத்துக்குள் எயர் பில்டர் வழியாகத் தண்ணீர் போனால், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனும் ஏற முடியாது, கொன்ரொட்தான் வளையும். வெளியிலிருந்து வந்த வெள்ளம்தான் காரணம், கோளாறு அதன் விளைவு. காப்புறுதி வழக்குகளில் பார்ப்பது சேதத்துக்கு நெருங்கிய, உண்மையான காரணம் எது என்பதைத்தான். நிபந்தனையைக் காட்டி மறுப்பவர்தான் அது பொருந்துகிறது என்று நிரூபிக்கவும் வேண்டும்.

கவனக்குறைவு என்ற காரணம் இன்னும் பலவீனமானது. கவனக்குறைவே இல்லாத விபத்துக்கு மட்டும்தான் பணம் என்றால் யார் ஐயா ஃபுல் இன்சூரன்ஸ் போடப் போகிறார்கள்? பொலிசியில் "நியாயமான கவனம் எடுக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை இருக்கலாம், ஆனால் இப்படியான வாசகத்தை 1967இல் பிரேசர் எதிர் பேர்மன் என்ற தொழில்வழங்குநர் காப்புறுதி வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் வாசித்த விதம் உங்களுக்குச் சாதகமானது: ஆபத்து தெரிந்தும் வருவது வரட்டும் என்று இறங்கினால்தான் நிபந்தனை மீறல், சாதாரணக் கவனக்குறைவு போதாது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதாடலாம். அதனால் மருமகனை இருத்தி வைத்து உண்மையைக் கேளுங்கள். பொலிஸ் தடை போட்டிருந்ததா, முன்னால் வேறு வண்டிகள் போனதா, தண்ணீர் சில்லின் பாதிக்கு நின்றதா பம்பருக்கு மேலேயா. முன்னால் பஸ் ஒன்று கடந்து போயிருந்தால் உங்கள் கை ஓங்கும். தடையைத் தள்ளிவிட்டு இறங்கியிருந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன், வழக்கு மெலிந்துவிடும்.

உங்கள் பக்கத்தில் ஓட்டை என்றால் அந்த இரண்டாம், மூன்றாம் ஸ்டார்ட்தான். முதல் தரம் நின்றபோதே கொன்ரொட் வளைந்ததா, அல்லது தண்ணீர் நிறைந்த இஞ்சினைத் திரும்பச் சுற்றியதால் வளைந்ததா என்று கம்பனி பிடித்துக்கொள்ளும், அது நியாயமான கேள்வியும்தான். ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் சத்தத்தோடு நின்றதா, மெல்ல இருமி அணைந்ததா என்பதிலிருந்து நல்ல மெக்கானிக் ஓரளவு சொல்வார். கராஜ்காரரிடம் என்ன கண்டார், ஏன் அப்படி நினைக்கிறார் என்று திகதி போட்டு எழுதி வாங்குங்கள், முடிந்தால் பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையும். ஸ்டார்ட் பண்ணவே இல்லை என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். பொய் சொன்னால் முழுக் கிளைமும் போகும் என்று பொலிசியிலேயே எழுதியிருக்கும்.

ஒன்று கட்டாயம் பார்க்க வேண்டும். பொலிசி அட்டவணையில் வெள்ளம், இயற்கை அனர்த்தம் சேர்க்கப்பட்டிருக்கிறதா? சில கம்பனிகளில் உள்ளேயே வரும், சிலவற்றில் தனிக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். ஃபுல் என்ற சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது. சாரதியின் அனுமதிப்பத்திரம் அந்த லொறி வகுப்புக்கு உரியதா, வருமான உத்தரவுப் பத்திரம் அன்றைக்குச் செல்லுபடியானதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு அதிலிருந்து புதுக் காரணம் கிளம்பும்.

வெள்ளத்துக்குச் சாட்சி வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து வெள்ளம் வந்ததை கிளிநொச்சியில் யாரும் மறக்கவில்லை, ஆனால் கொழும்பில் கோப்பைப் பார்ப்பவருக்கு முரசுமோட்டை எங்கே என்றே தெரியாது. கிராம அலுவலரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, அன்றைய படங்கள், இழுத்த ட்ரக்டர்காரரின் வாக்குமூலம். அதோடு, அன்றைக்கு வான்கதவு திறந்திருந்தால், எந்தக் கதவு எத்தனை மணிக்கு என்று நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமும் அப்படியே கேட்கலாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் ஒரு மறுபரிசீலனைக் கடிதம் போடுங்கள். கிளையில் கொடுத்தால் மேசைக்குள் போய்விடும். அசெசர் அறிக்கையின் பிரதியையும், எந்த நிபந்தனை இலக்கத்தின் கீழ் மறுக்கிறீர்கள் என்ற விளக்கத்தையும் அதிலேயே கேளுங்கள். இறுதிப் பதில் அதே மறுப்பாக வந்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம், உங்களுக்குச் செலவில்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதலாம், ஆனால் ஆணைக்குழு நீதிமன்றம் அல்ல. அதுவும் சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றம், அல்லது பொலிசியில் நடுத்தீர்ப்பு (பிணக்கை நடுவரிடம் தீர்ப்பது) வாசகம் இருந்தால் அந்த வழி.

காலக்கெடுவில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஆறு வருடம் தருகிறது என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், ஆனால் மறுப்புக் கடிதம் கிடைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது போன்ற வாசகம் பல பொலிசிகளில் இருக்கிறது. ஒம்புட்ஸ்மனின் பதிலுக்குக் காத்திருந்தே அந்தக் காலம் ஓடிப்போகலாம். மறுப்புக் கடிதம் வந்த கவரையும் தபால் முத்திரையோடு வைத்திருங்கள்.

லீசிங்கைப் பற்றிக் கேட்டீர்கள். கிளைம் இழுபடுகிறது என்பதற்காகத் தவணை நிற்காது, நிறுத்தினால் லீசிங்காரர் வண்டியைத் தூக்குவார்கள். பதிவுப் புத்தகத்தில் அவர்கள்தான் முழு உரிமையாளர், காசு வந்தாலும் அவர்கள் சம்மதமில்லாமல் உங்கள் கைக்கு வராமல் போகலாம், ஆகவே இப்போதே எழுத்தில் அறிவித்து, காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு கடிதம் போடும்படி அவர்களையும் கேளுங்கள். அவர்களுடைய சொத்தும்தானே.

இஞ்சினை மாற்றித் தொழிலைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால் அதைக் கம்பனிக்கு முன்கூட்டியே எழுதி, மறுபடி பார்க்க ஒரு திகதியும் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வளைந்த கொன்ரொட், வெடித்த பிளொக், எயர் பில்டர் மூன்றையும் கராஜில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள், பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டாம்.