மெகாட்ரான் ஏன் ஸ்டார்ஸ்க்ரீமைக் கொல்லாம விட்டு வெச்சிருந்தான்? ஸ்டார்ஸ்க்ரீம் வெறும் கோழைதானே?

கோழைன்னு சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், அதாவது வண்டியாவும் விமானமாவும் உருமாறற ரோபோக்களோட கதையில, நல்லவங்க அணித் தலைவன் ஆப்டிமஸ் பிரைமை விடவே, மெகாட்ரான் தலைமையில இருக்கற டிசெப்டிகான்ங்கற வில்லன் கூட்டத்து ஸ்டார்ஸ்க்ரீமைத்தான் எனக்குப் பிடிக்கும், அதனால இந்தப் பதில் அவன் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சுதான் இருக்கும், பரவாயில்லன்னா மேல படிங்க.

2007 படத்துல மட்டும் அவனைப் பார்த்தவங்களுக்கு அவன் ஒரு எஃப்-22 ஜெட், மெகாட்ரான்கிட்ட திட்டு வாங்கற ஆள், அவ்வளவுதான். ஆனா 1984ல ஹாஸ்ப்ரோ இந்த பொம்மைகளை அமெரிக்காவுல இறக்கினப்போ அவன் ஒரு எஃப்-15. பொம்மையே ஹாஸ்ப்ரோ செஞ்சதில்ல, ஜப்பான்ல டக்காரா கம்பெனியோட டயக்லோன் வரிசையில இருந்த ஜெட்டை வாங்கிப் பேரு மாத்தினது. அதே அச்சுல மூணு கலர்ல மூணு பேர்: ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப். பிளாஸ்டிக்கா பார்த்தா மூணுக்கும் கலர்தான் வித்தியாசம். அப்புறம் ஏன் ஒருத்தன் பேரு மட்டும் 40 வருஷமா நிக்குதுன்னா, அவனுக்கு எழுதின குணம்தான் காரணம். மார்வெல் காமிக்ஸ்ல இருந்த பாப் புடியான்ஸ்கிதான் பெரும்பாலான கேரக்டர்களுக்குப் பேரும் குணமும் எழுதினவர். பெட்டிக்குப் பின்னாடி ஒவ்வொரு ரோபோவுக்கும் மார்க் போட்டிருப்பாங்க, அதுல ஸ்டார்ஸ்க்ரீமுக்கு வேகம் 10, அறிவு 9, தைரியமும் 9. பத்துக்கு ஒன்பது தைரியம் உள்ளவனை எப்படிங்க கோழைன்னு சொல்றது? கார்ட்டூன்ல மெகாட்ரான் பீரங்கியைத் தூக்கினதும் அவன் கெஞ்சறது உண்மைதான், ஆனா கெஞ்சி முடிச்ச கையோட அடுத்த வாரமே மறுபடி நாற்காலிக்கு அடி போடறான் பாருங்க, அதைக் கோழையால செய்ய முடியாது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். மெகாட்ரான் அவனை விட்டு வெச்சதுக்கு முதல் காரணம் அவனோட திறமை. டிசெப்டிகான் ஜெட்களை வழிநடத்தறவன் அவன்தான், அவனை எடுத்துட்டா அந்த இடத்துல நிக்க ஆளில்ல. இன்னொண்ணு, அவன் துரோகம் பண்றதை மறைக்கவே மாட்டான். "நான்தான் தலைவனா இருக்கணும்"னு எல்லார் முன்னாடியும் கத்திட்டுதான் செய்வான். எப்ப குத்துவான்னு தெரிஞ்ச ஆளை பக்கத்துல வெச்சுக்கறது ஒரு தலைவனுக்கு அவ்வளவு ஆபத்தில்ல, மௌனமா இருக்கறவன்தான் ஆபத்து. அதுவும் இல்லாம டிசெப்டிகான்களோட நியாயமே பலம் உள்ளவன் ஆளட்டும்ங்கறதுதானே, அந்த நியாயத்தை வெச்சு மேல வந்த மெகாட்ரான் அதையே இன்னொருத்தன் சொன்னா தப்புன்னு எப்படி சொல்லுவான். கதை எழுதறவங்க பக்கத்துலயும் ஒரு தேவை இருந்துச்சு. வாராவாரம் வில்லன் கூட்டம் தோக்கணும், ஆனா மெகாட்ரான் முட்டாளா தெரியக்கூடாது, அதுக்கு உள்ளயே ஒருத்தன் காரியத்தைக் கெடுக்கணும்.

கார்ட்டூனோட முதல் கதையிலயே இது வந்துடும். 40 லட்சம் வருஷம் எரிமலைக்குள்ள கிடந்த கப்பல்ல டிசெப்டிகான்கள் முதல்ல முழிச்சு வெளிய போறாங்க, போற போக்குல ஸ்டார்ஸ்க்ரீம் மட்டும் தேவையே இல்லாம மலையைச் சுடறான், அந்த அதிர்ச்சியில ஆப்டிமஸோட உடம்பு சரிஞ்சு ரிப்பேர் கதிருக்கு முன்னாடி விழுது, அவன் எழுந்துக்கறான். ஸ்டார்ஸ்க்ரீம் சும்மா போயிருந்தா கதையே இல்ல.

அவனோட பழைய வாழ்க்கை நிறைய பேருக்குத் தெரியாது. போருக்கு முன்னாடி அவன் ஒரு விஞ்ஞானி. ஸ்கைஃபயர்ங்கற நண்பனோட கிரகம் கிரகமா சுத்தி ஆராய்ச்சி பண்ணவன், பூமிக்கு வந்த இடத்துல பனிப்புயல்ல நண்பனைத் தொலைச்சுட்டு தேடித் தேடிக் கிடைக்காம திரும்பிப் போனான். லட்சக்கணக்கான வருஷம் கழிச்சு அதே நண்பன் பனிக்குள்ள கிடைக்கறான், ஸ்டார்ஸ்க்ரீமே அவனைக் கூட்டத்துல சேர்க்கறான், ஆனா பிடிபட்ட மனுஷங்களைக் கொல்ல மாட்டேன்னு ஸ்கைஃபயர் சொன்னதும் அவனையே சுட்டுடறான். 22 நிமிஷ குழந்தைங்க கார்ட்டூன்ல இவ்வளவு கனமான விஷயத்தை வெச்சிருக்காங்கன்னு எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு. ரெண்டாவது சீசன்ல ஸ்டார்ஸ்க்ரீமை நாடு கடத்தி குவாடல்கனால் தீவுல விட்டுடறாங்க, அங்க ரெண்டாம் உலகப்போர்ல விட்டுப்போன துருப்பிடிச்ச வண்டிகளை எடுத்து, இவங்களோட சொந்த கிரகமான சைபர்ட்ரான்ல சிறையில இருந்த கைதிகளோட மனசைத் திருடிட்டு வந்து அதுக்குள்ள பொருத்தி காம்பாட்டிகான்கள்னு ஒரு படையையே தனியாளா உண்டாக்கறான்! மூளை 9ன்னு போட்டது சும்மா இல்ல.

1986ல வந்த கார்ட்டூன் படத்துல அடிபட்டுக் கிடந்த மெகாட்ரானை விண்வெளியில தூக்கிப் போட்டுட்டு முடி சூட்டிக்கறான், அந்த விழா முடியறதுக்குள்ள கால்வட்ரான்ங்கற புது உடம்போட திரும்பி வந்த மெகாட்ரான் ஒரே சுடுல அவனைச் சாம்பலாக்கிடறான். ஆக, கொல்லாம விட்டான்னு சொல்றதும் முழுசா சரியில்ல, கடைசியில கொன்னுட்டான். அந்தப் படத்துல பழைய ரோபோக்கள் அவ்வளவு பேர் செத்ததுக்குக் காரணம் கடையில புது பொம்மைகளுக்கு இடம் வேணும்ங்கறதுதான், ஆப்டிமஸையே விட்டு வைக்கல.

ஆனா செத்த ஸ்டார்ஸ்க்ரீம் ஆவியா வந்தான். 90கள்ல வந்த பீஸ்ட் வார்ஸ்ங்கற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடர்ல வாஸ்பினேட்டர்ங்கற ரோபோ உடம்புக்குள்ள புகுந்து, நான் கிரகங்களையே விழுங்கற ராட்சசன் யூனிக்ரானோட வீரமா சண்டை போட்டு செத்தேன்னு புளுகறான், அந்தத் தொடர்ல வர இன்னொரு ரோபோ பிளாக்அராக்னியா அதைக் கண்டுபிடிச்சுடறா. அதுக்கு அப்புறம் 2002ல ஆரம்பிச்ச ஆர்மடா தொடர்ல, அது வேற கதை வேற ஸ்டார்ஸ்க்ரீம், அங்க யூனிக்ரான் நிஜமாவே இருக்கான்னு தலைவன் கால்வட்ரானை நம்ப வைக்க வேற வழி இல்லாம தன் கடைசி பலத்தை எல்லாம் சேர்த்து யூனிக்ரானைச் சுட்டு, யூனிக்ரான் கையாலயே சாகறான். அதைப் பார்த்துதான் கால்வட்ரான் ஆப்டிமஸோட கை கோக்கறான். முன்னாடி ஒருத்தன் சொன்ன பொய் இன்னொருத்தனுக்கு உண்மையாச்சு, எழுதினவங்க அதை நினைச்சுதான் எழுதினாங்களான்னு நான் சொல்ல வரல, எனக்கு அப்படித்தான் தெரியுது.

பார்க்கணும்னா 1984 தொடர்ல ஸ்கைஃபயர் வர எபிசோடுல ஆரம்பிங்க, படங்களை அப்புறம் பார்த்துக்கலாம். அதுல ஸ்டார்ஸ்க்ரீமுக்குப் பேசின கிறிஸ் லாட்டாவோட அந்தக் கீச்சுக் குரலை ஒருதடவை கேட்டுட்டா வேற யார் பேசினாலும் மனசு ஒத்துக்காது.