பேரன் பெயர் கால்டுவெல்

கேள்வி: பேரனுக்குக் கால்டுவெல் என்று பெயர் வைத்தோம். லண்டனில் இருக்கும் மகள், "இங்க அது குடும்பப் பேராம்மா, பையன் பேரு என்னன்னு திருப்பித் திருப்பிக் கேக்காங்க" என்று போனில் குறைப்படுகிறாள். தப்பாக வைத்துவிட்டோமா ஐயா?
- ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: தப்பே இல்லை, அம்மா. பாளையங்கோட்டைப் பக்கம் முப்பது வருஷம் வகுப்பில் ஆஜர் கூப்பிட்டவன் நான். நெல்சன், வில்சன், லிவிங்ஸ்டன் எல்லாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். அத்தனையும் அங்கே குடும்பப் பெயர்கள்தான். "ஏலே நெல்சன்" என்றால் ரெண்டு பேர் எழுந்திருப்பார்கள்.

1841-இல் இடையன்குடிக்கு வந்து தங்கிய பாதிரியாருக்கு வீட்டில் இட்ட பெயர் ராபர்ட். கால்டுவெல் என்பது அப்பா வழியில் வந்தது. நம் ஆட்கள் ராபர்ட்டை விட்டுவிட்டுப் பின்னதைப் பிடித்துக்கொண்டது ஏன்? என் கணக்கு இது: நமக்கு முன்னால் நிற்பது அப்பாவின் இனிஷியல், கடைசியில் வருவதுதான் ஆளின் பெயர். 'ரா. கால்டுவெல்' என்று எழுதிப் பாருங்கள். ராபர்ட் மகன் கால்டுவெல் என்றுதானே வாசிப்போம்?

வெள்ளைக்காரர்களும் இதைச் செய்தவர்கள்தான். 1783-இல் அமெரிக்காவில் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்குக்கு ஜெனரல் வாஷிங்டன் நினைவாக வைத்த பெயர் அது. சர்ச்சிலின் 'வின்ஸ்டன்' கூட, அவருடைய முன்னோர் ஒருவரின் அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். இனி யாராவது கேட்டால் மகளை இதைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், பழைய ஆங்கிலத்தில் கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று. சித்திரை வெயிலில் உங்கள் பக்கத்துப் பனங்காட்டில் நடந்தவருக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும்.

பாஸ்போர்ட்டில் அவன் பெயருக்கான இடத்தில் கால்டுவெல், குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பா பெயர் இருக்கட்டும். அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளையை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். எழுத்தை மட்டும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். என்னிடம் படித்த ஒரு கால்டுவெல்லுக்குச் சான்றிதழில் 'டு' விழுந்துபோய், அதைத் திருத்த அவன் மூன்று மாதம் அலைந்தான்.

அவன் ஆச்சிக்கு இந்த வம்பே இல்லை. முழுப் பெயர் வாயில் நுழையவில்லை என்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாதாகோயில் வாசலில் நின்றே "லேய் வேலு, வீட்டுக்கு வால" என்று கூப்பிடுவாள்.