'தி வயர்' இரண்டு அத்தியாயத்தில் சலித்துவிட்டது: தொடர்வதா, 'பிரேக்கிங் பேட்' பார்ப்பதா?

போதைப்பொருள் கும்பலையும் அதைத் துரத்தும் காவல்துறையையும் பற்றிய அமெரிக்கத் தொடரான 'தி வயர்'-ஐ இப்போதே கைவிட வேண்டாம். மூன்றாம் அத்தியாயத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சலிப்புக்குக் காரணம் உங்கள் ரசனை அல்ல. பால்டிமோர் நகர நாளிதழொன்றில் குற்றச் செய்தியாளராக இருந்த, இத்தொடரை உருவாக்கிய டேவிட் சைமன், 60 அத்தியாயங்களையும் ஒரே நாவலைப் போலக் கட்டியிருப்பதால், தலைப்புக்குக் காரணமான, காவல்துறையின் தொலைபேசி ஒட்டுக்கேட்பே மெதுவாகத்தான் தொடங்குகிறது.

ஆங்கில வசன வரிகளை இட்டு, கைபேசியைத் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். போதைப்பொருள் விற்கும் இளைஞர்களுக்குக் கும்பலைச் சேர்ந்த டி'ஏஞ்சலோ சதுரங்கம் சொல்லித்தரும் காட்சி அந்த மூன்றாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. அதுவும் உங்களை ஈர்க்கவில்லையெனில், தயங்காமல் 'பிரேக்கிங் பேட்' தொடருக்கு மாறிவிடலாம். அது முதல் காட்சியிலேயே இழுத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும்: இரண்டாம் சீசன் திடீரெனத் துறைமுகத் தொழிலாளர்களிடம் நகர்ந்துவிடும். அங்கே நிறுத்தினால், பள்ளிச் சிறுவர்களைப் பற்றிய நான்காம் சீசனை (என் கணக்கில் தொடரின் உச்சம்) தவறவிடுவீர்கள்.