பிளாஸ்டர் அறுக்கிற பையனை என்ன படிக்க வைப்பது?

அம்மா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குட்டிக் கட்டட மாடல்கள் செய்கிற பையனை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு மயிலாடுதுறையிலிருந்து நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கொலுப்படிக்குக் கீழே பார்க் வைக்கிற இடத்தில் கும்பகோணம் மகாமகக் குளத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டான் உங்கள் பையன். எண்ணிப் பார்த்தேன், 16 மண்டபமும் இருக்கிறது.

பிளஸ் டூ வருஷத்தில் ரூம் முழுக்க வெள்ளைத் தூளாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்ற உங்கள் கவலை புரிகிறது. ஆனால் தூக்கிப் போடச் சொல்லிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வேலை வரும்போது சாப்பாட்டை மறக்கிறான் என்று பாருங்கள், எந்தப் படிப்பு என்பது அதில் தெரிந்துவிடும்.

1:35 அளவில், அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்காகச் செய்தால், 9 அங்குலச் செங்கல் 6.5 மில்லிமீட்டர்தான் வரும். அந்தக் கணக்கைப் போட்டு, காம்பஸ் முள்ளால் வரிவரியாகச் செங்கல் கோடு கீறுவதில்தான் அவனுக்கு ருசி என்றால் கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க். பொருந்தும். 5 வருஷப் படிப்பு, அதற்கான நாட்டா நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அவன் கணிதம்-உயிரியல் பிரிவு என்பதால் தடையில்லை.

செதுக்குவதுதான் பிடிக்கிறது என்றால் அது வேறு பையன். பிளாஸ்டர் இறுகி, ஆனால் ஈரம் போகாமல் இருக்கும்போது சோப்புக் கட்டி மாதிரி வெட்டுப்படும், நன்றாகக் காய்ந்துவிட்டால் ஓரம் பொரிந்து உதிரும், அப்போது பிரஷ்ஷால் தண்ணீர் தடவித் தடவித்தான் தூணுக்கு வளைவு எடுக்க முடியும். இந்தப் பொறுமை யாரும் சொல்லித் தராமல் வந்திருந்தால் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவை யோசியுங்கள். பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலைப் பட்டம், 4 வருஷம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம்.

ஒட்ட வேண்டிய இரண்டு துண்டும் இடைவெளி தெரியாமல் உட்காரும்வரை உப்புத்தாள் போட்டுக்கொண்டே இருக்கிறானா? அப்படியென்றால் பல் மருத்துவ டெக்னீஷியன் படிப்பை விசாரியுங்கள். நம் பக்கத்தில் இதை யாரும் நினைப்பதே இல்லை. பல் லேபில் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, வெட்டிச் சீராக்கி, அதன்மேல்தான் பல் கட்டுகிறார்கள். இப்போது ஸ்கேனும் முப்பரிமாண அச்சும் வந்துவிட்டதால் கம்ப்யூட்டரும் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கும். இந்த மாதிரி குட்டிக் காட்சி மாடல்களை (டயோராமா) செய்து விற்றே குடும்பம் நடத்தலாம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், படிப்பைவிட அவசரமான ஒன்று. பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சிய டைல்ஸை மெஷினில் தேய்த்துப் படிக்கட்டு செய்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. டைல்ஸில் கோடு கீறி உடைக்கட்டும், தேய்க்கத்தான் வேண்டுமென்றால் தண்ணீரில் நனைத்துக் கையால் தேய்க்கட்டும். என்95 மாஸ்க் கட்டாயம். தூளைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிளாஸ்டர் கரைத்த தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்ற விடாதீர்கள், குழாய்க்குள்ளேயே இறுகிவிடும்.

இன்றிலிருந்து ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, பாதி முடிந்த நிலையையும் சேர்த்து. எங்கே போனாலும் காட்ட அதுதான் இருக்கும். குளத்துப் படிக்கட்டு மட்டும் பாக்கி என்றீர்களே, பொதுத்தேர்வு முடிந்ததும் கட்டட்டும், எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.